தண்ணி பிடிபடேல்லை

“அம்மா, தண்ணி பிடிபடேல்லை.”

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து மகள் சொன்னாள். பரந்தன் சந்தி தாண்டும்வரை வேறொன்றும் பேசவில்லை.

போட்டிக்கு நீந்தாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ப்ரீஸ்டைலில், அதாவது குப்புறக் கிடந்து மாறி மாறிக் கை போட்டு நீந்தும்போது, கை முன்னே நுழைந்தவுடன் உள்ளங்கையிலும் முன்கையிலும் தண்ணீரின் கனம் தெரிய வேண்டும். அந்தக் கனத்தை ஊன்றிக்கொண்டுதான் உடம்பு முன்னே போகிறது. கனம் தெரியாவிட்டால் கை சும்மா வழுக்கிக்கொண்டு பின்னால் வந்துவிடும். எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் ஆள் நகர மாட்டார்.

மகள் எட்டு வயதில் நீந்தத் தொடங்கியவள். பதின்மூன்று வயதுக்குள் மாகாண மட்டத்தில் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டாள். அவளுடைய நீச்சலைப் பார்த்த எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள்: சத்தம் இருக்காது. தண்ணீரைச் சிதறடிக்காமல் நீள நீளமாகக் கை போட்டுப் போவாள். அந்த நீச்சல் சில கிழமைகளுக்குள் கலைந்துபோனது. 25 மீட்டருக்கு 20 கை போட்டவள் 24, 25 போட்டாள். 100 மீட்டருக்கு மூன்று, நான்கு செக்கன் கூடியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு பயிற்சியைக்கூட அவள் தவறவிட்டிருக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் குழப்பம். அவளுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம்.

இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், வன்னியில் எங்களுக்கு முந்திய தலைமுறையில் இந்த அனுபவம் உள்ளவர்கள் மிகக் குறைவு. நாங்கள் நீந்தப் பழகியது குளத்திலும் வாய்க்காலிலும்தான். என் கணவர் இரணைமடு வாய்க்காலில் அண்ணன்மாரோடு குதித்துக் குதித்துப் பழகியவர். கரையோரத்துப் பிள்ளைகள் கடலில் பழகினார்கள். தடாகம், தடம், செக்கனில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் மணிக்கூடு, தண்ணீருக்கடியில் சுவரை உதைத்துத் திரும்புவது எல்லாம் எங்கள் பிள்ளைகளோடு வந்தவை. பிள்ளையின் நீச்சல் திடீரென்று குலைந்தால் யாரிடம் கேட்பது? கொழும்பில் ஒரு பெற்றோருக்குப் பக்கத்து இருக்கையிலேயே அதைக் கடந்து வந்த இன்னொரு தாய் இருப்பார். கிளிநொச்சியில் அப்படி ஒருவரை நான் தேடித்தான் பார்த்தேன்.

பதில் சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். போன் பார்ப்பது கூடிப்போச்சு என்றார் ஒருவர். ரியூஷனும் பயிற்சியும் சேர்ந்து பிள்ளைக்குப் பாரம் என்றார் இன்னொருவர். சோம்பல் வந்துவிட்டது, இன்னும் தூரம் நீந்த விடுங்கள் என்றவர்களும் உண்டு. அம்மம்மா நாவூறு என்று சொல்லி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். அன்று இரவு மகள் அம்மம்மாவின் மடியில் தலை வைத்து நன்றாகத் தூங்கினாள். அதற்காகவே அது நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

என் கணவர் பெரும்போகமும் சிறுபோகமும் செய்பவர். அவர் அதிகம் பேச மாட்டார். “இலை மஞ்சளாகிப் போச்செண்டு உடனே யூரியா எறியிறேல்லை. முதல்ல வேரைக் கிண்டிப் பார்” என்று மட்டும் சொன்னார்.

நான் குடும்பநல உத்தியோகத்தர். அளப்பது, நிறுப்பது, வளர்ச்சிக் கோட்டைப் பார்ப்பது என் அன்றாட வேலை. மகளின் உயரத்தை அளந்து பழைய பதிவோடு ஒப்பிட்டேன். ஒரு வருடத்துக்குள் எட்டு சென்ரிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தாள். பாதம் பெருத்து சப்பாத்து இரண்டு அளவு மாறியிருந்தது. கைகளை இரு பக்கமும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளந்தேன். அதுவும் நன்றாக நீண்டிருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாகக் கூடுகிற காலம் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி வரும். சிலருக்கு ஒரு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். அந்த உச்சத்தில் வருடத்துக்கு எட்டு சென்ரிமீட்டர் வளர்வது வழமைதான். ஆண் பிள்ளைகளுக்கு அது பதினான்கு வயதை ஒட்டி வரும், இன்னும் ஒன்றிரண்டு சென்ரிமீட்டர் கூடவும் வளர்வார்கள். இதில் நீந்துகிற பிள்ளைக்கு முக்கியமானது வளர்ச்சியின் வரிசை. முதலில் கையும் காலும் நீளும், உடற்பகுதி பிறகுதான் வளரும். தசையின் பலம் அதற்கும் பிறகு, மாதக்கணக்கில் பிந்தி வந்து சேரும். ஆக, இடையில் ஒரு காலம் இருக்கிறது. நீளமான கையும் நீளமான காலும் இருக்கும், அவற்றை ஆள்வதற்கான பலம் இன்னும் வந்திருக்காது.

தரையில் ஓடுகிற பிள்ளைக்கும் இந்தத் தடுமாற்றம் வரும். தண்ணீரில் அது பல மடங்காகத் தெரியும். காரணம் எளிமையானது. நாம் கிடையாக மிதக்கும்போது காற்று நிறைந்த நெஞ்சுப் பகுதி உடம்பை மேலே தூக்குகிறது. பாரத்தின் மையமோ அதற்குக் கீழே, இடுப்புப் பக்கமாக இருக்கிறது. கால் நீண்டு கனத்தால் அந்த மையம் இன்னும் காலின் பக்கம் தள்ளிப்போகும். கால் தாழும். கால் தாழ்ந்தால் உடம்பு தண்ணீரைச் சரிவாக முட்டிக்கொண்டு போகும். தண்ணீரின் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. வேகம் இரட்டித்தால் இழுவை ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால் மெதுவாக நீந்தும்போது பெரிதாகத் தெரியாத ஒரு சிறு சரிவு, போட்டி வேகத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிடும்.

கையிலும் இதே கதைதான். முன்கை நீண்டால் தோள் தூக்க வேண்டிய பாரமும் கூடுகிறது. பழைய பலத்தோடு முழங்கையை உயர்த்தி வைத்து, முன்கையால் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ள முடிவதில்லை. முழங்கை தானாகவே விழுந்துவிடும். முழங்கை விழுந்தால் உள்ளங்கை தண்ணீரைக் கீழே அமத்தும், பின்னால் தள்ளாது. அங்கேதான் “தண்ணி பிடிபடேல்லை” வருகிறது. பிள்ளை அதை ஈடுசெய்ய இன்னும் வேகமாகக் கையைச் சுழற்றும். வேகமாகச் சுழற்றினால் பிடிக்க இன்னும் குறைவான நேரம். களைப்பு கூடும், மூச்சுக்குத் தலை உயரும், தலை உயர்ந்தால் கால் இன்னும் தாழும். வெளியே நின்று பார்ப்பவருக்குப் பிள்ளை அக்கறையில்லாமல் கை கால் அடிப்பதுபோல இருக்கும். உள்ளே அவள் முன்னெப்போதையும்விடக் கடினமாக உழைத்துக்கொண்டிருப்பாள். இந்த இடத்தில் “சோம்பல்” என்ற சொல் எவ்வளவு பெரிய அநியாயம் என்பதைப் பெற்றோர் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

அளவுகளை எழுதிக்கொண்டுபோய்ப் பயிற்றுநரிடம் கொடுத்தேன். அவர் இளம் வயதுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். தாளைப் பார்த்துவிட்டு ஒரு சோதனை செய்தார். முதலில் வழமைபோல நீந்தச் சொன்னார். பிறகு இரண்டு தொடைகளுக்கும் நடுவில் மிதவையைக் கொடுத்து, காலடிக்காமல் கையால் மட்டும் நீந்தச் சொன்னார். மிதவை காலைத் தூக்கிப் பிடித்ததும் அவளுடைய கை எண்ணிக்கை பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. காலடிக்காமலேயே! “பாருங்கோ மிஸ், கை மறக்கேல்லை. காலை எங்க வைக்கிறதெண்டு உடம்புக்குத் தெரியேல்லை” என்றார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள். கொஞ்ச நாளாகவே தொய்ந்திருந்த முகம் அன்று முதன்முறையாகத் தளர்ந்து சிரித்தது. தான் கெட்டுப்போய்விடவில்லை என்று அவளுக்கு ஒருவர் சான்றோடு காட்டியிருந்தார்.

இந்தச் சோதனையை எந்தப் பயிற்றுநரும் செய்து பார்க்கலாம். மிதவையோடு நீச்சல் திரும்பினால் பிரச்சினையின் பெரும்பகுதி உடம்பின் சமநிலையில் இருக்கிறது. மிதவையோடும் திரும்பாவிட்டால் தோளையும் கைப் பிடியையும் பார்க்க வேண்டும். ஆனால் அதையே மருந்தாக்கிவிடக் கூடாது. எந்நேரமும் மிதவையோடு நீந்தினால் நேரம் நன்றாக இருக்கும், குறையும் அப்படியே மூடுண்டு கிடக்கும்.

அதற்குப் பிறகு சேர் செய்தது பலருக்குப் பிடிக்கவில்லை. தூரத்தைக் குறைத்தார். கையில் மாட்டும் தட்டுகளை முற்றாக நிறுத்தினார். நீளும் எலும்பும், பலம் போதாத தோளும் சேரும் இடத்தில் தட்டு இன்னும் பாரத்தை ஏற்றும் என்பது அவர் கருத்து. அது மிகச் சரி என்று எனக்குப் பட்டது. நீந்துபவர்களுக்கு வரும் தோள் நோவு இந்த வயதில் தொடங்கிப் பின்னர் ஆளை விடாமல் துரத்தக்கூடியது. அமெரிக்காவின் மிஸ்ஸி பிராங்க்ளின் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 17 வயதில் நான்கு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றவர். 2016 ரியோவில் தனிநபர் போட்டி எதிலும் அவரால் இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. 2018இல் தோள் வலியோடு ஓய்வை அறிவித்தபோது வயது 23. அவருக்கு நடந்ததும் என் மகளுக்கு நடந்ததும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. உலகத்தில் முதலாம் ஆளாக இருந்தவருக்கும் நீச்சல் கைவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது, தோள் என்பது ஒருமுறைதான் கிடைக்கும் என்ற இரண்டையும் மகளுக்குச் சொல்ல அந்தக் கதை உதவியது. இரவில் நோவு எழுப்பினாலோ, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது குத்தினாலோ அன்றே சொல்ல வேண்டும் என்று அவளோடு பேசி வைத்துக்கொண்டோம்.

பயிற்சி என்று பார்த்தால் மிக அடிப்படையான விஷயங்கள்தான். பக்கவாட்டில் கிடந்து, ஒரு கையை முன்னே நீட்டி, மெதுவாகக் காலடித்துப் போவது. முகம் தடாகத்தின் அடியைப் பார்க்க, நெஞ்சைச் சற்று அமத்தி, இடுப்பு மேலே வருகிறதா என்று உணர்வது. கைகளை முன்னே நீட்டி வைத்து, உள்ளங்கையால் தண்ணீரை உள்ளேயும் வெளியேயும் வருடி அந்த அழுத்தத்தைத் தேடுவது. பிறகு விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொண்டு நீந்துவது. முஷ்டியோடு நீந்தும்போது உள்ளங்கையின் உதவி இல்லை, முன்கையால்தான் தண்ணீரைப் பிடிக்க வேண்டியிருக்கும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு விரல்களைத் திறந்தால் கை திடீரென்று பெரிதானதுபோல இருக்கும். “அம்மா, கை சுளகு மாதிரி இருக்கு” என்று அவள் கரையேறி வந்து சொன்ன நாளில் நான் கிளினிக்கிலிருந்து நேரே வந்து கதிரையில் குந்தியிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய வீடியோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் போனில் அவளுடைய நல்ல நீச்சல் நிறையப் பதிவாகியிருந்தது. “இதைப் பார், இப்படித்தானே நீந்தினாய்” என்று காட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் காட்டவில்லை. அந்த வீடியோவில் இருப்பது எட்டு சென்ரிமீட்டர் குறைந்த இன்னொரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் கை நீளத்துக்கும் காலின் பாரத்துக்கும் பொருந்திய நீச்சல் அது. அதைத் திரும்பிப் பெறுவது இலக்காக இருந்தால் இவள் தோற்றுக்கொண்டேதான் இருப்பாள். இவளுக்கு இன்னும் நீளமான, ஒருவேளை இன்னும் நல்ல நீச்சல் ஒன்று காத்திருக்கிறது. அதற்கு இப்போதுதான் வழி போடவேண்டும்.

இனி, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அது சொற்கள்.

பிள்ளையின் நீச்சல் குலைந்த செய்தி பரவியதும் அவளைச் சுற்றி ஆலோசனை குவிந்தது. முழங்கையைத் தூக்கு என்றார் ஒருவர். தலையைத் தாழ்த்து, இடுப்பைச் சுழற்று, விரலைச் சேர்த்து வை, மூன்று கைக்கு ஒரு மூச்சு எடு. கனடாவில் இருக்கும் என் தம்பியின் பிள்ளைகளும் நீந்துகிறவர்கள். அவன் வட்ஸ்அப்பில் வீடியோ கேட்டு வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அம்புக்குறி போட்டு அனுப்பினான். எல்லாம் அன்பு. சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியும்கூட. ஆனால் 25 மீட்டரை ஏறத்தாழ இருபது செக்கனில் கடக்கிற ஒரு பிள்ளை அதற்குள் இத்தனை கட்டளைகளையும் எங்கே வைத்துக்கொள்வாள்? ஒவ்வொரு கையையும் யோசித்து யோசித்துப் போட்டாள். யோசித்துப் போடப்படும் கை மரக்கட்டையாக வரும்.

பழகிப் பழகித் தன்னியல்பாகிவிட்ட அசைவைத் துண்டு துண்டாக உடைத்துக் கவனிக்கத் தொடங்கினால் அது குலையும் என்பது விளையாட்டு உளவியலில் பலரும் ஆராய்ந்த விஷயம். அசைவும் கவனமும் பற்றிப் பல காலம் ஆய்வு செய்தவர் கேப்ரியேல் வுல்ஃப். அவரும் இசபெல் ஸ்டோட்டும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ப்ரீஸ்டைல் நீந்துபவர்களைப் பற்றியதே. தேர்ந்த நீச்சல்காரர்களிடம் ஒருமுறை கையைப் பின்னால் இழுப்பதில் கவனம் வைக்கச் சொன்னார்கள், ஒருமுறை தண்ணீரைப் பின்னால் தள்ளுவதில் கவனம் வைக்கச் சொன்னார்கள், ஒருமுறை ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். கையைக் கவனித்தபோதுதான் வேகம் குறைந்தது. தண்ணீரைக் கவனித்தபோதும், ஒன்றும் சொல்லாமல் விட்டபோதும் அதைவிட வேகமாக நீந்தினார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டது கையைப் பற்றிச் சொன்னதைவிட மேல்! ஒவ்வொரு பெற்றோரும் ஒவ்வொரு பயிற்றுநரும் இதைக் கொஞ்ச நேரம் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதைச் சேரோடு கதைத்தேன். அவரும் அதே நினைப்பில்தான் இருந்தார். “ஒரு நாளைக்கு ஒண்டுதான் சொல்லுவம் மிஸ். அதையும் தண்ணியைப் பற்றிச் சொல்லுவம், உடம்பைப் பற்றி வேண்டாம்” என்றார். அன்றிலிருந்து முழங்கை என்ற பேச்சே இல்லை. “இண்டைக்கு நீ போடுற ஒவ்வொரு கையும் தண்ணியைக் கால் பக்கம் அனுப்பட்டும்” என்பார். அல்லது, “சத்தம் வராமல் கையை உள்ளுக்கு விடு.” அவ்வளவுதான். சத்தம் வராமல் கை நுழைய வேண்டுமென்றால் முழங்கை உயர்ந்துதான் ஆக வேண்டும். அதை அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடம்பே கண்டுபிடித்துக்கொள்ளும். வீட்டில் நான் நீச்சலைப் பற்றிக் கேட்பதைக் குறைத்தேன். தம்பிக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே விளங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு மருமகளுக்குப் பகிடி வீடியோக்கள்தான் அனுப்புகிறான்.

பெண் பிள்ளையின் தாயாகவும், என் தொழில் காரணமாகவும் இன்னும் சில விஷயங்களைச் சொல்லாமல் விட முடியாது.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் மகள் சாமத்தியப்பட்டாள். உயரம் வேகமாகக் கூடும் காலத்தின் உச்சம் கடந்த பிறகே இது வருவது வழமை. அதனால் எனக்கு இது எதிர்பாராதது அல்ல. அம்மம்மா உழுத்தங்களி கிண்டினார், நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்தார். அத்தோடு உறவினர் சிலர் “இனி ஏன் பிள்ளையைத் தண்ணிக்குள்ள விடுறியள்” என்று கேட்கத் தொடங்கினார்கள். மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொன்னவர் அம்மம்மாதான். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல வருடங்கள் கடல் பக்கமே போகாதவர். “நீந்தத் தெரிஞ்ச பிள்ளை இந்த வீட்டில ஒண்டாவது இருக்கட்டும்” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்கு வராமல் நிற்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் ஏராளம். காரணத்தை ஆண் பயிற்றுநரிடம் சொல்லத் தயங்கி, தலையிடி, வயிற்றுக்குத்து என்று ஏதாவது சொல்லிவிட்டு நிற்பார்கள். மாதத்தில் ஒரு கிழமை இப்படிப் போனால் நீச்சல் பின்வாங்கும். பயிற்றுநருக்கோ பிள்ளைக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்ற எண்ணம் வரும். தடாகத்துக்கு வரும் தாய்மார் நாங்கள் சிலர் சேர்ந்து சேருக்கு நேரடியாகவே விளக்கினோம். வரவுப் பதிவேட்டில் ஒரு சிறு குறி போட்டால் போதும், காரணம் கேட்கக் கூடாது என்று முடிவாயிற்று. அந்த நாட்களில் விரும்பியவர்கள் கரையில் நீட்டிமடக்கும் பயிற்சி செய்கிறார்கள், விரும்பியவர்கள் வீட்டில் நிற்கிறார்கள். நீச்சலுடை பற்றிய கூச்சமும் இந்த வயதில் வரும். முழங்கால்வரை மூடும் உடை போட்டிக்கும் அனுமதிக்கப்பட்டதுதான். அதை வாங்கிக் கொடுத்தபின் மகள் தொடக்கப் பலகையில் அவசரப்படாமல் நிற்கத் தொடங்கினாள். குனிந்து ஒளிந்துகொள்ளும் தோள், பாய்ச்சலையும் கெடுக்கும் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

அடுத்தது இரத்தம். வளர்ச்சி, மாதவிடாய், கடும் பயிற்சி மூன்றும் ஒரே காலத்தில் சேர்ந்தால் உடம்பின் இரும்புச்சத்து விரைவாகக் கரையும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தச்சோகை. இரத்தப் பரிசோதனையில் மகளுக்கு அதற்குச் சற்றுக் கீழே இருந்தது. வைத்தியர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டில் நெத்தலி, கீரை, பயறு, கௌபி கூடின. எங்கள் ஊரின் பெரிய தடை பிளேன்ரீதான். சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். தேநீரை ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிவைத்து, சாப்பாட்டோடு தேசிக்காய்த் தண்ணியோ தோடம்பழமோ கொடுத்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். இதை நான் கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தினமும் சொல்வேன். நீந்துகிற, ஓடுகிற பெண் பிள்ளைகளின் தாய்மாருக்கும் இதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். நுட்பம் குலைந்த பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு புதிய கண்ணாடியோ புதிய உடையோ அல்ல. ஒரு இரத்தப் பரிசோதனை.

நித்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிகாலைப் பயிற்சி, பாடசாலை, பின்னேரம் ரியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு நித்திரைதான் முதலில் வெட்டுப்படும். ஒரு பாடத்தின் ரியூஷனை அந்தத் தவணைக்கு நிறுத்தினோம். படிப்பு குறையவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு போட்டி வந்தது. நிற்கலாமா வேண்டாமா என்பதை மகளிடமே விட்டோம். நீந்துகிறேன் என்றாள். சேர் அவளுக்கு நேர இலக்கு கொடுக்கவில்லை. முதல் 25 மீட்டரிலும் மூன்றாவது 25 மீட்டரிலும் கை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஐந்தாவதாக வந்தாள். போன வருடம் அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் முன்னால் வந்திருந்தார்கள். பார்வையாளர் பக்கத்தில் யாரோ “முடிஞ்சுது, இனி வராது” என்றது எனக்கும் கேட்டது. மகள் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து, “22, 22” என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். ஐந்தாவது இடத்துக்கு அப்படி ஒரு சந்தோசம் எங்கள் குடும்பத்தில் வரும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று நன்றாக நீந்தினால் உடனே பெரியவர்கள் பாக்கு நீரிணையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். 1954இல் அதை நீந்திக் கடந்த நவரத்தினசாமி, 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் 51 மணித்தியாலத்தில் திரும்பி வந்த ஆழிக்குமரன் ஆனந்தன். பெருமைப்பட வேண்டிய பெயர்கள்தான். ஆனால் நீச்சல் குலைந்து நிற்கும் பிள்ளையின் தலையில் அந்தப் பெயர்களை ஏற்றி வைக்காதீர்கள். “நீயும் அப்படி வரோணும்” என்பதை ஒரு வருடம் கழித்தும் சொல்லலாம். இப்போது அவளுக்குத் தேவை கரையிலிருந்து வரும் அமைதியும், கொஞ்சம் கால அவகாசமும். வளர்ச்சியின் வேகம் தணிந்து பலம் வந்து சேர மாதங்கள் எடுக்கும். அதை எந்தப் பயிற்சியாலும் அவசரப்படுத்த முடியாது. இடையில் பிள்ளை நீச்சலை வெறுத்து விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரியவர்களின் வேலை. தடாகத்தை விட்டுப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த இடைவெளியில் போனார்களோ என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இப்போது மகளின் கை எண்ணிக்கை 25 மீட்டருக்கு 19இல் நிற்கிறது, பழையதைவிட ஒன்று குறைவு. 100 மீட்டர் நேரம் பழைய நேரத்துக்கு ஒரு செக்கன் கிட்ட வந்துவிட்டது. வலப்பக்கம் மூச்சு எடுக்கும்போது உடம்பு நேராக நிற்கிறது. இடப்பக்கம் எடுக்கும்போது இன்னும் கால் கொஞ்சம் பிரிகிறது. அதை மழைக்காலம் முடிந்து தை மாதம் பார்க்கலாம் என்கிறார் சேர். அதுவரை 200 மீட்டர் நீந்திப் பார்க்கவேண்டும் என்று அவளே கேட்டிருக்கிறாள்.